பி.டி. பீரியடைப் பறித்த டீச்சரின் கணக்கு

போன பதிவே ரொம்ப நீளம் என்று தம்பி மகன் குறைபட்டுக்கொண்டான். இதுவும் நீளம்தான். முடிந்தவர்கள் நின்றுகொண்டே படியுங்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

போன மாதம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்றோடு காத்திருந்தேன். "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 1990களின் கடைசியில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். ஓட்டப் பந்தயத்தில் அவளைப் பிடிக்க ஆளே கிடையாது. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள், சுகர் வந்துவிட்டது. "தினமும் வாக்கிங் போம்மா" என்றேன். "காலையில ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புறேன், ராத்திரி எட்டுக்கு வர்றேன். எப்ப டீச்சர் நடக்கிறது?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்கதான் பி.டி. பீரியட்லயும் கணக்கு போடச் சொல்வீங்களே" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. அதன் முதல் கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,227 பேரிடம் உடலுழைப்பைப் பற்றி விசாரித்தார்கள். முடிவு 2014இல் வெளிவந்தது. நூற்றுக்கு 54 பேர் போதிய உடல் அசைவு இல்லாதவர்கள். நகரத்தில் 65, கிராமத்தில் 50. ஆண்களைவிடப் பெண்கள் நிலை மோசம். இன்னொரு எண்ணைக் கவனியுங்கள். பொழுதுபோக்காக விளையாட்டோ உடற்பயிற்சியோ எதுவுமே செய்யாதவர்கள் தமிழ்நாட்டில் 93.1 சதவீதம். ஜார்க்கண்டில் 94.8, மகாராஷ்டிரத்தில் 91.3, சண்டிகரில் 88.4. அதாவது உடலை அசைத்தவர்கள் பெரும்பாலும் வேலைக்காக அசைத்தவர்கள்தான். இடத்துக்கு இடம் வித்தியாசம் வருவதற்கு அந்தந்த இடத்து வேலைதான் முக்கியக் காரணம். ஒரு ஊர்க்காரர்கள் சுறுசுறுப்பு, இன்னொரு ஊர்க்காரர்கள் சோம்பேறி என்று இதற்கு அர்த்தமில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கிராமம் 50, நகரம் 65 என்றார்களே, அந்த இரண்டிலும் இருந்தவள் நான். வீடு மாறவில்லை, ஊர்தான் மாறியது.

1960களில் நாங்கள் இருந்த ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வயலும் ஏரியும்தான். ரயில் மட்டும் எங்களுக்கு முந்தியே வந்துவிட்டது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் எலக்ட்ரிக் ட்ரெயின் 1931இலேயே ஓடத் தொடங்கியது. டி.பி. சானடோரியம் 1928இல் வந்தது, கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் இங்கே இடம் மாறியது. ஆனால் ரயிலடிக்குப் போக எங்களுக்கு நடைதான். அப்பா தினமும் நடந்துபோய் ரயிலேறினார், இறங்கி நடந்து வந்தார். அதற்கு யாரும் வாக்கிங் என்று பெயர் வைக்கவில்லை. சுற்றிலும் இருந்த தொழில்களும் உடம்பைக் கேட்ட தொழில்கள்தான். பல்லாவரம், திரிசூலம் பக்கம் கல்குவாரி. குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் தோல் பதனிடும் கம்பெனியால் வந்தது.

வீட்டுக்குள்ளே அம்மாவின் கணக்கு தனி. கிணற்றில் இறைத்து இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடம் சுமப்பார். உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல். இட்லிக்கு அரைக்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் கை ஓயாது. "அந்தக் காலத்தில் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்களே, அவர்களுக்காகச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு ஐம்பது வயதில் இடுப்பு நிமிரவில்லை. கருப்பை இறங்கி, வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, பல வருஷம் வேதனைப்பட்டார். அது உடற்பயிற்சி இல்லை, ஓய்வில்லாத உழைப்பு. கோயம்புத்தூரில் 1950களில் பிறந்த கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு 1980களில் வந்தபோது அம்மா அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டார். 2011இல் அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுத்ததைக் கேலி செய்தவர்களுக்கு ஆட்டுக்கல் தெரியாது என்றுதான் சொல்வேன்.

ஆக, கஷ்டம் போனது நல்லது. ஆனால் கஷ்டம் போன இடத்தில் என்ன வைத்தோம்? 1984இல் சானடோரியம் பக்கத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. பிறகு ஐ.டி. கம்பெனிகள், வயலெல்லாம் பிளாட், தெருவுக்குத் தெரு அடுக்குமாடி. ரயிலடிக்குப் போக ஷேர் ஆட்டோ, கடைக்குப் போக ஸ்கூட்டி, இப்போது கடையே போனைத் தட்டினால் வாசலுக்கு வருகிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டோம். 50லிருந்து 65க்கு நாம் வந்து சேர்ந்த பாதை இதுதான்.

அசைவு குறைந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் எண்ணிக் காட்டியவர் ஜெர்ரி மாரிஸ் என்ற லண்டன் மருத்துவர். அங்கே மாடி பஸ்களில் டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே வேலையிடம், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு மிகக் குறைவு. 1953இல் இதை வெளியிட்டார். (நம் ஊர் கண்டக்டர் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காசையும் டிக்கெட்டையும் நம் கை வழியாகவே அனுப்புவார். அவரை வைத்து ஆராய்ச்சி செய்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்!)

2024இல் உலகக் கணக்கு ஒன்று வந்தது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடைகூட இல்லாதவர்கள் உலகில் 31 சதவீதம். இந்தியாவில் 2000இல் 22 சதவீதமாக இருந்தது, 2022இல் 49 ஆகிவிட்டது. பெண்கள் 57, ஆண்கள் 42. தெற்காசியா மொத்தமாக 45. பணக்கார மேற்கத்திய நாடுகளில் 28தான்! வீட்டுக்கு வீடு கார் வைத்திருப்பவர்கள் அவர்கள். மெஷின் வந்தால் மனிதன் அசைய மாட்டான் என்றால் அவர்கள் அல்லவா நம்மை முந்தியிருக்க வேண்டும்? வேலையிலிருந்து அசைவு போன பிறகு, அங்கே பல ஊர்களில் அதற்கு வேறு இடம் வைத்தார்கள். நடைபாதை, பூங்கா, விளையாட்டுத் திடல். நாம் வைக்கவில்லை.

வேளச்சேரி மெயின் ரோட்டில் கேம்ப் ரோடு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். நடைபாதை இருக்கும் இடத்தில் பைக் நிற்கும், பைக் இல்லாத இடத்தில் பள்ளம் இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பது என் வயதில் ஒரு சாகசம். விடியற்காலையில் நடக்கலாம் என்றால் பெண்களுக்கு நாய் பயம், செயின் பயம். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடைபாதை போட்டதும் கூட்டம் தானாக வந்தது. இடம் கொடுத்தால் நம் ஜனங்கள் நடப்பார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் மாநிலத்திலேயே இன்னும் பெரிய சாட்சி உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். வயல் வேலை, குவாரி வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். முதலில் கேலி செய்த ஊர், பிறகு பழகிக்கொண்டது. 2001இல் மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் திட்டம் தொடங்கி, பிறகு பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்தது. பெண்களுக்கு அசைய மனமில்லை என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

இப்போது என் பங்கு. கால அட்டவணையில் வாரம் இரண்டு பீரியட் உடற்கல்வி இருந்தது. முழுப் பரீட்சை நெருங்கினால் அதை வாங்கிக் கணக்கு நடத்திவிடுவேன். "சிலபஸ் முடியணும்" என்பேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, பெற்றோர்கள் பாராட்டினார்கள். பையன்கள் எப்படியும் சாயங்காலம் தெருவில் விளையாடினார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஓடக் கிடைத்த ஒரே நேரம் அந்த இரண்டு பீரியட்தான். அந்த வயதுக்குப் பிறகு அவர்களை யாரும் ஓட விடவில்லை. அதை அன்று நான் யோசிக்கவே இல்லை. வகுத்தல் கணக்கை அவர்கள் மறந்திருக்கலாம், போனில் போட்டுக்கொள்ளலாம். ஓடிய காலை மறந்ததற்கு என்ன செய்வது? என் மாணவிகளே, அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். தயவு செய்து அந்தப் பீரியடைத் தொடாதீர்கள். பெற்றோர் ஆனவர்கள், மார்க் எவ்வளவு என்று கேட்கும்போது விளையாட்டு பீரியட் நடந்ததா என்றும் கேளுங்கள். தாம்பரத்தில் இருப்பவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் விளக்கும் நடைபாதையும் கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். வீட்டில் உள்ள ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று. சாயங்காலம் அரை மணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டால், வீட்டுப் பெண் நடந்துவிட்டு வருவாள். "எப்ப டீச்சர் நடக்கிறது?" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

இவ்வளவு நேரம் நின்றுகொண்டே படித்தவர்களுக்கு முழு மார்க். உட்கார்ந்து படித்தவர்கள் எழுந்து தெருமுனை வரை போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்