கோழிக்குஞ்சும் தொழில்முனைவோரும்



புதிய தொழில்முனைவோருக்கு இடமும் வழிகாட்டலும் தரும் நிலையத்தை 'அடைகாப்பகம்' என்று வகுப்பில் சொன்னேன். "கோழிப் பண்ணையா ஐயா?" என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது. ஆனால், வரலாறு அவன் பக்கம்தான் நிற்கிறது!

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பட்டேவியா என்றொரு சிறுநகர். அங்கிருந்த மாஸி ஹாரிஸ் வேளாண்கருவித் தொழிற்சாலை 1950களில் மூடப்பட, பலர் வேலையிழந்தனர். ஏறத்தாழ 850,000 சதுர அடிக் கட்டடத்தை உள்ளூர் மான்குசோ குடும்பத்தினர் வாங்கினர். முழுவதையும் எடுத்துக்கொள்ளப் பெருநிறுவனம் எதுவும் முன்வரவில்லை. எனவே, ஜோசப் மான்குசோ 1959இல் அதனைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார். அலுவலக வசதிகளைப் பொதுவாக்கினார். முதல் திரட்டவும் வழிகாட்டினார். அவ்வாறு குடியேறியவற்றுள் ஒன்று கோழிக்குஞ்சு நிறுவனம். அதைக் கண்டு அவர் வேடிக்கையாகச் சொன்ன 'இன்குபேட்டர்' என்னும் பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது.

சிங்கப்பூரின் கதையும் ஒரு பழைய கட்டடத்தில்தான் தொடங்குகிறது. ஆயர் ராஜா தொழிற்பேட்டையின் புளோக் 71, இடிக்கப்படவிருந்த அடுக்குமாடித் தொழிற்கூடம். 2011இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் சிங்டெல்லின் முதலீட்டுப் பிரிவும் ஊடக வளர்ச்சி ஆணையமும் சேர்ந்து அதனைத் தொடக்கநிலை நிறுவனங்களுக்குரிய இடமாக்கின. ஒரே மின்தூக்கியில் முதலீட்டாளரும் பொறியாளரும் சந்தித்தனர். ஒரு நிறுவனம் நொடித்தாலும் அதன் பொறியாளர் பக்கத்துக் கதவைத் தட்டலாம், ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை. வாடகைச் சலுகையைவிட இந்த நெருக்கமே திறனாளரைத் தக்கவைத்தது என்பது என் கருத்து. பின்னர் 2015இல் பக்கத்துக் கட்டடங்களும் இதற்கென ஒதுக்கப்பட்டன.

மலேசியா பின்தங்கித் தொடங்கவில்லை. பல்லூடகப் பெருவழித் திட்டம் 1996இலேயே அறிவிக்கப்பட்டது. சைபர்ஜெயா 1999இல் திறப்பு விழாக் கண்டது. கட்டடங்களுக்குக் குறைவே இல்லை. ஆயினும், 2012இல் இங்கே 'மைடெக்சி' என்று பிறந்து, இன்று 'கிரேப்' எனப் பெயர் பெற்றுள்ள நிறுவனத்தின் தலைமையகம் சிங்கப்பூருக்குச் சென்றது. 2014 ஏப்ரலில் அதற்குப் பெருமுதலீடு அளித்தது தெமாசெக்கைச் சார்ந்த வெர்டெக்ஸ்.

காலப்பொருத்தத்தைப் பாருங்கள்: அதே ஏப்ரல் மாதத்தில்தான் சைபர்ஜெயாவில் 'மேஜிக்' என்னும் அரசின் தொழில்முனைவோர் மையம் தொடங்கப்பெற்றது.