சிலம்பின் கதைத் திட்டம்

கதைக்கு முன்கூட்டித் திட்டம் போடுவது மேல்நாட்டு நாவல்காரரிடம் கற்றது என்று அன்பர்கள் சிலர் சொல்வதுண்டு. தமிழின் முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல்தான் வெளிவந்தது, உண்மை. ஆனால் சேரநாட்டுச் சமண முனிவர் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரப் பதிகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

கதை முடிந்த இடத்தில் பதிகம் தொடங்குகிறது. வேங்கை நிழலில் நின்ற கண்ணகி விண்ணேறியதைக் குன்றக் குறவர் வந்து சொல்ல, சாத்தனார் முழுக்கதையையும் சுருக்கிச் சொல்கிறார். பிறகு 30 பகுதிகளும் வரிசையாக, நம்ம கடைச் சரக்குப் பட்டியல் மாதிரி! புகார் 10, மதுரை 13, வஞ்சி 7. பதிகம் வேறொருவர் கை என்பாரும் உண்டு. இருக்கட்டுமே, காப்பியம் அந்த வரிசையில்தானே நடக்கிறது.

முற்பிறப்பில் கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று கொல்வித்தான். இந்தப் பழவினையைப் பதிகமே சொல்லிவிடுகிறது. கண்ணகிக்கோ மதுரை எரிந்த பின், 23ஆம் காதையில்தான் தெரிகிறது. அதனால்தான் கவுந்தியடிகள் இருவரையும் மாதரியிடம் அடைக்கலம் கொடுக்கும்போது நமக்கு மனசு பதறுகிறது.

சித்ரா பௌர்ணமிக்குக் குமுளி வழியாக இடுக்கி மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகும் பாலக்காட்டு அன்பர்கள், பதிகத்தை ஒருமுறை படித்துவிட்டு மலையேறுங்கள்.