ஒன்ராறியோ வீடுகளில் குளிர்கால வெப்பச் செலவு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பெரும்பாலான வீடுகளுக்குக் குளிர்காலத்தில் இரண்டு கட்டணச் சீட்டுகள் வருகின்றன. ஒன்று எரிவாயுவுக்கு, மற்றது மின்சாரத்துக்கு. இரண்டாவதை இங்கு எவரும் மின்சாரச் சீட்டு என்பதில்லை; ‘ஹைட்ரோ பில்’ என்பார்கள். நயாகராவின் நீர்மின்சாரத்தை ஊர்களுக்குக் கொண்டுபோக 1906-இல் அடம் பெக் தலைமையில் அமைந்த ஆணையத்தின் பெயரிலிருந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. இன்று மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி அணு உலைகளிலிருந்து வருகிறது. பெயர் மட்டும் இன்னும் தண்ணீரில் நிற்கிறது.

எரிவாயுவால் சூடாகும் வீட்டில் தை, மாசி மாதங்களில் சுமை கூடியது எரிவாயுச் சீட்டுத்தான். நிலக்கீழ்த் தளத்தில் நிற்கும் ‘ஃபேர்னஸ்’ காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக அறைகளுக்கு அனுப்புகிறது. யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ வளர்ந்தவருக்குச் சிக்கனம் என்றால் முதலில் கை போவது விளக்கின் சுவிட்சுக்கு. வெக்கை நாட்டில் அது சரியான பழக்கம். ஒன்ராறியோவின் குளிரில் அதற்குப் பலன் மிகக் குறைவு. 9 வாற் எல்ஈடி விளக்கு தினமும் ஐந்து மணித்தியாலம் வீதம் ஒரு மாதம் எரிந்தால் 1.35 அலகு செலவாகும். 1,500 வாற் ஹீற்றர் ஒன்று ஒரே மணித்தியாலத்தில் 1.5 அலகைத் தின்றுவிடும். போதாதற்கு, விளக்கின் சூடும் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேதான் தங்குகிறது.

வெப்பம் வெளியேறும் வழி

வீடு இழக்கும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. இதை அளக்க ‘வெப்பப் பாகைநாள்’ என்ற கணக்கு இருக்கிறது. அன்றைய சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்கு எவ்வளவு கீழே போனது என்பதே அந்த எண். சராசரி −10 ஆக இருந்த நாளுக்கு 28. 8 ஆக இருந்த நாளுக்கு 10. போன வருடத் தை மாதச் சீட்டை இந்த வருடத்துடன் ஒப்பிடுபவர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இளகிய காலநிலைக்குரிய பாராட்டைத் தன் சிக்கனத்துக்குக் கொடுத்துவிடுவார்.

சுவரையும் யன்னலையும் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் பழைய வீடுகளில் முதலில் கவனிக்க வேண்டியது காற்றுக்கசிவு. சூடான காற்று மேலே ஏறி, ‘அற்றிக்’ எனப்படும் கூரையடி வெளிக்குள் இடுக்குகள் வழியாக நுழைந்து வெளியேறுகிறது. போன காற்றின் இடத்தை நிரப்ப, நிலக்கீழ்த் தளத்தின் வெடிப்புகள் ஊடாகக் குளிர்காற்று உள்ளே இழுபடுகிறது. வீடு முழுவதும் ஒரு புகைபோக்கிபோல வேலை செய்கிறது. அத்திவாரச் சுவரின் மேல் விளிம்பில் மரச்சட்டம் உட்காரும் இடமும், அற்றிக்குக்கு ஏறும் சிறு மூடியும் இதில் முதற் குற்றவாளிகள்.

கசிவைக் கண்டுபிடிக்கத் தமிழர் வீட்டில் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. சாமியறை ஊதுபத்தி போதும். காற்றடிக்கும் நாளில் ஃபேர்னஸை நிறுத்தி, குசினியிலும் குளியலறையிலும் உள்ள வெளியேற்றும் விசிறிகளைப் போட்டுவிட்டு, வெளிச்சுவரில் உள்ள பிளக் பொயின்ற் அருகே, திரைச்சீலையில் படாமல், பத்தியைப் பிடிக்க வேண்டும். நேரே எழும் புகை திடீரென்று வளைந்து அறைக்குள் சாய்ந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. பிளக் மூடிக்குப் பின்னால் வைக்கும் நுரைத்தகடு, கதவு நிலையில் ஒட்டும் இறப்பர்ப் பட்டி, இடுக்குகளில் பூசும் ‘கோக்கிங்’ பசை ஆகியவை சில டொலர்களில் முடிகிற வேலைகள். யன்னலுக்கு உட்பக்கமாக ஒட்டி, தலைமயிர் உலர்த்தியால் சூடுகாட்டி இறுக்கும் பிளாஸ்டிக் தாளும் இந்த வகைதான். பார்க்க அழகில்லை, ஆனால் வேலை செய்கிறது.

காற்றுக்கசிவின் முக்கியத்துவத்தை உலகுக்குக் காட்டியதில் கனடாவுக்குப் பங்குண்டு. 1977-இல் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட சஸ்காச்சுவான் சேமிப்பு வீட்டில் ஃபேர்னஸே இல்லை. ஓரடித் தடிப்புள்ள சுவர்கள், இறுக்கமான காற்றடைப்பு, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி ஆகியவை அதற்குப் போதுமாக இருந்தன. அதன் வடிவமைப்பில் பங்கேற்ற பொறியியலாளர் ஹரல்ட் ஓர். ஜேர்மனியில் பின்னாளில் உருவான ‘பாசிவ்ஹவுஸ்’ முறைக்கு இந்த வீடு ஒரு முன்னோடி. அதே 1977-இல் வீடுகளின் வெப்பக்காப்புக்கு மத்திய அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியது. அந்நாட்களில் பல சுவர்களுக்குள் யூரியா ஃபோமல்டிஹைட் நுரை அடிக்கப்பட்டது. அதிலிருந்து கசிந்த வாயுவால் 1980 மார்கழியில் அது தடைசெய்யப்பட்டது. பழைய வீடு வாங்குவோர் இன்றும் அதைப் பற்றி விசாரிப்பதுண்டு.

பேஸ்மென்ற்

ரொறன்ரோவின் ஸ்காபரோ போன்ற இடங்களில் தமிழர் வீடு பலவற்றின் நிலக்கீழ்த் தளம் வாடகைக்குப் போகிறது. ஃபேர்னஸ் ஒன்று, அதைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ராற்றும் ஒன்று, அதுவும் மேல்வீட்டுச் சுவரில். மேலே சூடு நிறைந்ததும் ஃபேர்னஸ் நின்றுவிடும். கீழே இருப்பவருக்குக் கால் விறைக்கும். அவர் 1,500 வாற் ஹீற்றர் வாங்கிச் செருகுவார். ஹைட்ரோ பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். இந்தச் சச்சரவைத் தேர்மோஸ்ராற்றுக்குப் பூட்டுப்போட்டுத் தீர்க்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது பயனற்ற வைத்தியம். குளிர்மாதங்களில் வாடகை வீட்டை 21 பாகைக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ மாநகரத்தின் விதி. அத்திவார விளிம்பை அடைப்பதும், மேல்மாடிக் காற்றுவாய்களைக் கொஞ்சம் ஒடுக்குவதும், கீழ்த்தளத்துக் காற்றுவாய்களை மறைக்கும் சோபாவை நகர்த்துவதும் இருவருக்கும் உதவும்.

மின்சாரத்தின் நேரவிலை

ஒன்ராறியோ எரிசக்தி வாரியம் மூன்று விலைமுறைகளை வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் ஒன்றைத் தெரிவு செய்யலாம். நேரவிலை முறையில் குளிர்காலக் கிழமைநாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் விலை உச்சம். இரவு 7-க்குப் பின்னும் வார இறுதியிலும் விலை குறைவு. 2023-இல் வந்த ‘மிகக்குறைந்த இரவு விலை’ முறை கத்திபோல இரண்டு பக்கமும் வெட்டக்கூடியது. 2024 நவம்பரில் வகுத்த அட்டவணைப்படி இரவு 11 முதல் காலை 7 வரை அலகுக்கு 2.8 சதம், கிழமைநாட்களில் மாலை 4 முதல் 9 வரை 28.4 சதம் என்று இருந்தது. அந்த விலையில் 1,500 வாற் ஹீற்றர் இரவு முழுக்க எட்டு மணித்தியாலம் ஓடினால் 34 சதம். அதே ஹீற்றர் மாலை ஐந்து மணித்தியாலம் ஓடினால் 2 டொலர் 13 சதம். விநியோகக் கட்டணம் இதில் சேரவில்லை. இரவில் மின்காருக்குச் சார்ஜ் ஏற்றுபவருக்கு இந்த முறை வரம். வேலையால் வந்து மாலையில் மின்னடுப்பில் சமைத்து, உடுப்புத் தோய்த்து, ஹீற்றரும் போடும் குடும்பத்துக்கு அது பொறி. மூன்றாவது முறையில் நேரம் பார்ப்பதில்லை; குளிர்காலத்தில் மாதம் 1,000 அலகு வரை ஒரு விலை, அதற்கு மேல் சற்றுக் கூடிய விலை.

ஃபேர்னஸும் தேர்மோஸ்ராற்றும்

இரவில் சூட்டைக் குறைத்தால் காலையில் மீண்டும் ஏற்றக் கூடுதலாகச் செலவாகும் என்பது பரவலான நம்பிக்கை. எரிவாயு ஃபேர்னஸைப் பொறுத்தவரை அது பிழை. வீடு குளிர்ந்திருக்கும் நேரமெல்லாம் வெப்ப இழப்பும் குறைவு. எட்டு மணித்தியாலம் ஒரு பாகை குறைத்தால் வெப்பச் செலவில் ஏறத்தாழ 2 வீதம் மிஞ்சும். வெப்பப்பம்பி வைத்திருப்பவர்கள் மட்டும் பெரிய அளவில் ஏற்றி இறக்கக் கூடாது. திடீர் ஏற்றத்தின்போது பல பம்பிகள் துணை மின்சூடாக்கியை இயக்கிவிடும், அதுதான் செலவு கூடியது.

வடிகட்டியில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து ஃபேர்னஸ் நீண்டநேரம் ஓடும். ஓரங்குல வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றவேண்டும். உயர்திறன் ஃபேர்னஸுக்கு வீட்டின் பக்கச்சுவரில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பனிக்குவியல் அவற்றை மூடினால் ஃபேர்னஸ் நின்றுவிடும். நடுநிசியில் திருத்துநரை அழைப்பதற்குமுன் சவளை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்ப்பது நல்லது.

சிக்கனத்தால் குறைக்க முடியாத கட்டணங்களும் சீட்டில் உண்டு. எரிவாயு நிறுவனத்தின் மாதாந்த நிலைக்கட்டணமும் வெந்நீர்த் தாங்கியின் வாடகையும் அப்படிப்பட்டவை. கனமீற்றருக்கு 15.25 சதம்வரை ஏறியிருந்த மத்திய அரசின் கார்பன் கட்டணம் 2025 ஏப்ரலில் நீங்கியது. ஃபேர்னஸ், வெந்நீர்த் தாங்கி ஒப்பந்தங்களை வீட்டுக்காரர் அழைக்காமல் கதவைத் தட்டி விற்பதை மாகாணம் 2018 மார்ச்சிலிருந்து தடைசெய்திருக்கிறது. ஆகவே வாசலில் நின்று ‘பில்லைக் காட்டுங்கள்’ என்று கேட்பவருக்குக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

வருமானம் குறைந்த குடும்பங்களின் ஹைட்ரோ பில்லில் மாதாந்தக் கழிவு தரும் திட்டம் 2016-இலிருந்து நடக்கிறது. விண்ணப்பிக்காதவருக்கு அது தானாக வராது. கட்டணம் செலுத்தாததற்காக நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது. அந்த மாதங்களின் பாக்கி தள்ளுபடியாவதில்லை. மே மாதத்தில் அது அப்படியே காத்திருக்கும்.