பெரியப்பாவின் டிஸ்போசல் ஜீப்

பஜேரோ வாங்கி ரெண்டு வாரம் ஆச்சு. 2008 மாடல், 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டின வண்டி. இங்கே பெர்த்தில் மணல் பக்கம் போகணும்னா ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் கதையாகாது. வண்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கே பையன் லிஸ்ட் போட்டுட்டான்: உயர்த்திக் கட்டணும், கூரையில் லைட், முன்னாடி வின்ச். "முதல்ல எதுப்பா?"ன்னு கேட்டான். எனக்கு விவேக் நகர் ஞாபகம் வந்துடுச்சு.

பெங்களூரில் ஆஸ்டின் டவுனை ஒட்டின ஏரியா. குழந்தை இயேசு கோயில்னு சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுடுவார். பக்கத்திலேயே ராணுவ இடங்கள். அதனால் மிலிட்டரி ஏலத்தில் ஜீப் எடுக்கிறது எங்க தெருவில் அதிசயமில்லை. 1983-ல் பெரியப்பாவும் ஒண்ணு எடுத்தார். மகிந்திரா ஜீப், பெட்ரோல் வண்டி.

அந்த ஜீப்போட பூர்வீகம் 1941-ல் வந்த வில்லிஸ் எம்பி. 60 குதிரைசக்தி, 6 வோல்ட் பேட்டரி, நாலு சக்கரத்துக்கும் 9 அங்குல டிரம் பிரேக். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர்க்காலத்தில் செய்தது 6 லட்சத்துக்கும் மேல். போர் முடிஞ்சதும் அமெரிக்காவில் மிச்ச ஜீப்புகள் விவசாயிகள் கைக்கு வந்தன. அதில் ஒரு குறை: டூ வீல் டிரைவில் ஓட்டினாலும் முன் ஆக்ஸில் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். பெட்ரோலும் டயரும் வீண். 1948-ல் சியாட்டிலில் ஆர்தர் வார்ன் என்பவர் அதுக்கு ஒரு ஹப் செய்தார். வேண்டாதபோது முன் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து கழட்டி விட்டுடலாம். இன்னைக்கு என் பையன் கேட்கிற வின்ச் விற்கிற வார்ன் கம்பெனி தொடங்கினது இப்படித்தான். (அவனுக்கு இது தெரியாது. சொன்னதும் வின்ச் வாங்க இன்னொரு காரணம் கிடைச்சுதுன்னு சந்தோஷப்பட்டான்!)

நம்ம ஊர்க் கதையும் பர்ஸில்தான் ஆரம்பம். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் பெட்ரோல் போட்டு ஜீப் ஓட்டினால் கட்டுபடியாகலை. டீசல் மலிவு. எஞ்சினை இறக்கிட்டு டீசல் எஞ்சின் ஏத்துறது ஒரு தொழிலாவே வளர்ந்தது. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் செய்த பெர்கின்ஸ் எஞ்சினுக்குத் தனி மவுசு. பெரியப்பாவும் அதைத்தான் ஏத்தினார். எஞ்சின் எடை கூடினது, முன் பட்டா தாழ்ந்தது. பிரேக் மட்டும் பழசு.

வேலை செய்த பாய் சொன்னது எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. "சார், ஹோஸ் எல்லாம் வெடிப்பு விட்டிருக்கு, மாத்திடலாம்." பெரியப்பா, "அடுத்த மாசம் பார்த்துக்கலாம் பாய், இப்பவே கை கடிக்குது" என்றார்.

அந்த அடுத்த மாசம் வர்றதுக்குள்ள நந்தி மலைக்குப் போனோம். இறங்கும்போது பெடல் அப்படியே உள்ளே போயிடுச்சு. அந்தக் கால ஜீப்பில் பிரேக் ஆயிலுக்கு ஒரே லைன். ஒரு ஹோஸ் வெடிச்சால் நாலு சக்கரமும் காலி. ஹேண்ட் பிரேக் தனி, அது கியர் பக்கம் ஷாஃப்டைப் பிடிக்கும். அதை இழுத்து, கியரைக் குறைச்சு, மண் மேட்டில் சாத்தி நிறுத்தினார். பின்னாடி உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கை முறிஞ்சது. இப்பவும் அந்தக் கையால் குடம் தூக்கமாட்டாள். பெரியப்பா மறுநாளே ஹோஸ், வீல் சிலிண்டர், லைனர் எல்லாம் புதுசு போட்டார். அக்கா முன்னாடி அந்த ஜீப்பைப் பத்திப் பேசினதே இல்லை.

ஊரில் பழைய ஜீப் வாங்க ஆசைப்படுறவங்களுக்கு ஒண்ணு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த முடியாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. எஞ்சின் மாத்தின வண்டின்னா ஆர்சி புக்கில் ஏறியிருக்கான்னு பார்த்துட்டு காசு கொடுங்க.

பஜேரோவுக்கு நாலு பிரேக் ஹோஸ், பேட், பிரேக் ஆயில், அஞ்சு டயர் (ஸ்டெப்னியும் சேர்த்து) சொல்லியாச்சு. மணலில் காற்றைக் குறைச்சு ஓட்டிட்டு திரும்ப அடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர். பட்ஜெட் அதோடு முடிஞ்சது. "இதெல்லாம் வெளியில தெரியவே தெரியாதேப்பா"ன்னு பையன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை அவன் அத்தைக்கு போன் போட்டுக் கொடுக்கணும்.