வயிற்று உப்புசமும் ஊசியும்: ஒரு சிறு வரலாறு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர். நள்ளிரவில் சாப்பாடு, பகலில் தூக்கம் என்றால் வயிறு சும்மா இருக்குமா? உப்புசம், ஏப்பம், மேல்வயிற்று எரிச்சல். "அக்குபஞ்சர் செய்தால் சரியாகிவிடும்" என்ற செய்தியும் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த நம்பிக்கை எப்படி வந்தது, ஆதாரம் எவ்வளவு என்று பார்ப்போம்.

1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் ஐந்து மருத்துவர்கள் இருந்தார்கள். டாக்டர் கோட்னிஸ் அங்கேயே 1942இல் காலமானார். உடன் சென்ற டாக்டர் பி.கே. பாசு 1950களின் கடைசியில் மீண்டும் சீனா போய் அக்குபஞ்சர் கற்று, கல்கத்தாவில் சிகிச்சை தொடங்கினார். இந்தியாவில் இது பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

உலகம் திரும்பிப் பார்த்தது 1971இல். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. மயக்க ஊசி வழக்கமானதுதான். பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் அக்குபஞ்சர் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் குறைந்தது என்று எழுதினார். அறுவைக்குப் பின் வரும் உப்புசம் தானாகவும் குறையும். ஊசியால்தானா என்பதை ஒருவர் அனுபவம் சொல்லாது.

அதற்குத்தான் ஒப்பீட்டு ஆய்வுகள். நாள்பட்ட அஜீரணம் பற்றிய 7 ஆய்வுகளை, மொத்தம் 542 பேர், 2014இல் காக்ரேன் அமைப்பு அலசியது. ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு, பலன் உண்டா என்று முடிவு சொல்ல இயலாது என்றது.

2020இல் சீனாவில் 278 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் கவனமானது. சாப்பிட்டதும் வயிறு நிரம்பி உப்பும் தொல்லை உள்ளவர்கள் அவர்கள். நான்கு வாரத்தில் 12 முறை சிகிச்சை. முறையான ஊசி பெற்றவர்களில் 83 சதவீதம் பேர் தேறியதாகச் சொன்னார்கள். ஊசிப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் சுமார் 52 சதவீதம் பேர் அப்படியே சொன்னார்கள்! முக்கியத் தொல்லைகள் மூன்றும் முழுதாக நீங்கியவர்கள் சுமார் 28க்கு 17 சதவீதம்தான். வித்தியாசம் உண்டு, ஆனால் பாதிப் பேர் எந்தக் குத்துக்கும் தேறுவார்கள் என்றால், "எனக்குக் குணமாச்சு" என்ற ஒரு வார்த்தையை எவ்வளவு நம்பலாம்?

இன்னொன்றும் உண்டு. இந்த ஆய்வுகள் எல்லாம், குடலில் புண்ணோ கட்டியோ இல்லை என்று பரிசோதித்த பிறகு ஊசி போட்டவை. நாமோ பரிசோதனையை விட்டுவிட்டு ஊசிக்குப் போகிறோம். எடை குறைந்தாலோ, மலம் கருத்தாலோ, விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, ரத்தசோகை இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் போங்கள். எண்டோஸ்கோபி தேவையா என்று அவர் சொல்லட்டும். அதன் பிறகும் ஊசி வேண்டுமென்றால், முறையாகப் பயின்றவரிடம், புதிய ஊசியைப் பிரித்துப் போடுகிறாரா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.