புது கேமுக்கு மாறினால் முதலில் தடுக்கப் பழகுங்கள்: சண்டை விளையாட்டுகளின் ஒரு சிறு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பொறுமையாக வாசியுங்கள்.

மயிலிட்டியிலும் சுற்றுப்புறத்திலும் ஃபோனிலோ பிளேஸ்டேஷனிலோ சண்டை கேம் விளையாடுகிற பெடியள் பலர் இருக்கிறார்கள். ஒரு கேமில் கெட்டிக்காரனாக இருப்பான். வேறொரு கேமுக்கு மாறினால் நாலு நாள் தொடர்ந்து தோற்பான். பிறகு "இது சரிவராது சேர்" என்று விட்டுவிடுவான். அப்படி விட்டுவிடுவதுதான் ஒரு ஆசிரியராக என்னை யோசிக்க வைக்கிறது. தரம் 5 வரை நன்றாகப் படித்து, தரம் 6இல் கணிதத்தில் இரண்டு முறை சறுக்கிய பிள்ளையும் இதே வசனத்தைத்தான் சொல்கிறது.

அவன் ஏன் தோற்கிறான்? இந்த விளையாட்டுகளின் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும்.

1987இல் யப்பானின் கேப்கொம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டை வெளியிட்டது. 1991இல் வந்த அதன் இரண்டாம் பாகம்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதில் தடுப்பதற்கென்று தனிப் பொத்தான் கிடையாது. எதிராளிக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது பின்பக்கம் அழுத்தினால் அடி தடுக்கப்படும். குந்தியிருந்து பின்பக்கம் அழுத்தினால் கால் அடியோடு தரையில் நின்று அடிக்கிற அடிகளில் அநேகமானவையும் தடுபடும். பாய்ந்து வந்து அடிப்பவனுக்கும், குந்தியிருப்பவனின் தலைக்கு மேலால் இறங்கும் சில அடிகளுக்கும் மட்டும் எழும்பி நிற்கவேண்டும். ஆகவே அந்த விளையாட்டில் பழகியவனின் கை தானாகவே கீழ்ப்பின் மூலைக்குப் போகும்.

1992இல் அமெரிக்காவில் வந்த 'மோர்ட்டல் கொம்பட்' தடுப்புக்கென்று தனிப் பொத்தான் வைத்தது. 1993இல் சேகா வெளியிட்ட 'வெர்ச்சுவா ஃபைட்டர்' விளையாட்டிலும் தனிப் பொத்தான்தான். அங்கே பின்பக்கம் அழுத்தினால் ஆள் பின்னுக்கு நடப்பானே தவிர அடி தடுபடாது.

1994இல் நாம்கோவின் 'டெக்கன்' வந்தது. அதில் பேசாமல் நின்றாலே மேல் அடியும் நடு அடியும் பெரும்பாலும் தடுபடும். ஆனால் குந்தியிருந்தால் நடு அடி நேராக விழும். கால் அடிக்கு மட்டும்தான் குந்தவேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் உயிரைக் காப்பாற்றிய அதே கைப்பழக்கம் டெக்கனில் அடி வாங்கித் தருகிறது. பெடியனின் கெட்டித்தனம் எங்கேயும் போகவில்லை. அவன் கை இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறது.

தடுப்பு என்றால் பயந்து ஒதுங்குவது என்று நினைப்பவர்களும் உண்டு. 1997இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3' அந்த எண்ணத்தை மாற்றியது. அடி படுகிற கணத்தில் எதிராளியை நோக்கி முன்பக்கம் தட்டினால் அடி தட்டிவிடப்படும். 2004இல் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ சுற்றுப்போட்டியில் யப்பானின் டைகோ உமெஹாரா, அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கோடு மோதினார். டைகோவின் உயிர்க்கோடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சாதாரணமாகத் தடுத்தாலே செத்துவிடும் நிலை. வோங் தொடர் உதை ஒன்றை ஏவினார். டைகோ ஒவ்வொரு உதையையும் தட்டிவிட்டு, திருப்பி அடித்து வென்றார். அந்த ஒளிப்பதிவை இன்றும் உலகம் பார்க்கிறது. அந்தச் சுற்றுப்போட்டியில் அவர் முதலிடம் பெறவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். கிண்ணம் வேறொருவருக்குப் போனது, பெயர் தடுத்தவருக்கு நிலைத்தது.

இனி நமக்குக் கிட்டிய கதைக்கு வருவோம். பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் சித்தீக், விளையாட்டுலகில் அர்ஸ்லான் ஆஷ். இவர் முதலில் விளையாடியது எஸ்.என்.கே நிறுவனத்தின் 'கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ்'. 1994இல் தொடங்கிய அந்த வரிசை ஸ்ட்ரீட் ஃபைட்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. குந்தித் தடுப்பதும், உருண்டு விலகுவதும், குட்டிப் பாய்ச்சலும்தான் அதில் அடிப்படை. அங்கிருந்து அவர் டெக்கன் 7க்கு மாறினார்.

மாறுபவர் முன்னால் இருக்கிற வேலையைப் பாருங்கள். நின்று தடுக்கக் கையைப் பழக்கவேண்டும். எந்தக் கால் அடி வரும் என்று கண்டு குந்தவேண்டும். பிடித்து எறிய வருபவனின் கையைப் பார்த்து, அதற்கேற்ற பொத்தானை அழுத்தி விடுவிக்கவேண்டும். 1997இல் வந்த டெக்கன் 3 முதல் எல்லாப் பாத்திரங்களுக்கும் உரியதான பக்க நகர்வைப் படிக்கவேண்டும். தென்கொரிய ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துப் பரப்பிய பின்னகர்வையும் படிக்கவேண்டும். கடைசியாக, தடுத்தபின் திருப்பி அடிப்பது. இந்த விளையாட்டில் ஒரு வினாடி 60 துண்டுகளாக, அதாவது 60 பிரேம்களாகப் பிரிக்கப்படுகிறது. டெக்கனில் வேகமான குத்து 10 பிரேமில் போய்ச் சேரும். எதிராளியின் அடியைத் தடுத்தபின் அவன் 10 பிரேம் பிந்தினால் அந்தக் குத்து அவனுக்கு நிச்சயம்.

லாகூரில் கேம் கடைகளில் ஆளுக்கு ஆள் பக்கத்தில் நின்று விளையாடுகிற வழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட கடைகளில் வென்றவன் நிற்பான், தோற்றவன் எழும்பவேண்டும். அடி வாங்காமல் இருக்கத் தெரிந்தவனுக்கே காசு மிச்சம்.

2019 பெப்ரவரியில் யப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ யப்பான் போட்டிக்கு, விசாச் சிக்கல்களைத் தாண்டி, அர்ஸ்லான் போய்ச் சேர்ந்தார். வெளியுலகம் அவரை அவ்வளவாக அறியாது. அவர் டெக்கன் 7இல் முதலிடம் பெற்றார். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என் நாட்டில் இருக்கிறார்கள் என்ற கருத்தில் அவர் பேசியது எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 'நீ' என்ற புனைபெயருள்ள தென்கொரியாவின் மூத்த வீரர் பே ஜேமின், அதே ஆண்டு பாகிஸ்தானுக்கே போய் அங்குள்ளவர்களோடு விளையாடிப் பார்த்தார். பெரிய பெயர் எடுத்த ஒருவர் தோற்கக்கூடிய இடத்துக்குத் தானே போய் நின்றார். ஓகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ இறுதியாட்டத்தில் அர்ஸ்லான் அவரையே வென்றார். 2023இல் மறுபடி வென்றார். 2024 ஜனவரியில் டெக்கன் 8 வந்தது. அது தாக்குபவனுக்கு அதிகம் இடம் கொடுக்கிற விளையாட்டு, பழைய தடுப்பு அப்படியே உதவாது. அந்த ஆண்டும் ஈவோ பட்டம் அவருக்குத்தான்.

மயிலிட்டி மக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990இல் இடம்பெயர்ந்து, 27 வருடம் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டு, 2017இல் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபின் திரும்பி வந்தவர்கள் முதலில் மாடிவீடு கட்டவில்லை. பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து, வேலி அடைத்தார்கள். எந்த இடத்திலும் புதிதாகத் தொடங்குபவனின் முதல் வேலை அதுதான்.

ஆகவே கேம் மாறுகிற தம்பிமாருக்கு ஒரு ஒழுங்கு சொல்கிறேன். முதல் சில நாட்கள் வெற்றியைக் கணக்கெடுக்காதீர்கள். பயிற்சிப் பகுதியில் எதிராளியின் அடியைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் வசதி இப்போதைய பல கேம்களில் உண்டு. உங்களை அதிகம் விழுத்துகிற ஒரே ஒரு அடியை எடுங்கள். நின்று தடுப்பதா, குந்தித் தடுப்பதா என்று பாருங்கள். தடுத்தபின் எதை அடிக்கலாம் என்று பாருங்கள். அது கைக்கு வந்தபின் அடுத்தது. பிறகு பிடியை விடுவிப்பது, அதன்பின் நகர்வு. தொடர் அடிகளெல்லாம் கடைசியில் பழகலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். படிப்பு நேரத்துக்குக் கட்டாயம் எல்லை போடுங்கள். விளையாடும் நேரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து பாருங்கள். "வென்றியா, தோத்தியா" என்று கேட்காமல், "இண்டைக்கு எந்த அடியைத் தடுக்கப் பழகினாய்?" என்று கேளுங்கள். அடுத்த நாள் கணிதக் கொப்பியைத் திறக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்கலாம்.