விதிவிலக்கு யாருக்கு? இந்திய அறிவியலில் வாய்ப்பு மறுப்பின் இரு வடிவங்கள்

1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழக இளம் அறிவியல் தேர்வில் முதலிடம் பெற்ற கமலா பாகவத், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநர் சி. வி. இராமன் இடம் தர மறுத்தார். விண்ணப்பித்தவர் பெண் என்பதே காரணம். கமலா நேரில் சென்று வாதாடி, விடாப்பிடியாக நின்று, நிபந்தனைகளோடு இடம் பெற்றார். முதல் ஓராண்டு தகுதிகாண் காலம். பணியின் தரம் இயக்குநருக்கு நிறைவளித்த பிறகே அங்கீகாரம். ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதற அவர் காரணமாகக் கூடாது. பிறர் கவனம் சிதறுவதற்கும் அவரே பொறுப்பாளி ஆக்கப்பட்டார்.

அவர் 1936இல் முதுகலைப் பட்டம் பெற்றார். தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி பற்றிய ஆய்வுக்காக 1939இல் கேம்பிரிட்ஜ் முனைவர் பட்டமளித்தது. பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட இவரது வாழ்க்கை, திறமை தடைகளை வென்ற கதையாகவே சொல்லப்படுகிறது. அந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. அவருடைய தந்தையும் தந்தையின் சகோதரரும் அதே கழகத்தில் பயின்ற வேதியியலர்கள். அந்த நிறுவனத்தை வீட்டிலிருந்தே அறிந்தவர், தேர்வில் முதலிடம் பெற்றவர், அவருக்கே போராடித்தான் இடம் கிடைத்தது. அந்தப் பின்புலம் இல்லாத பெண்கள் விண்ணப்பம் எழுதும் நிலையைக்கூட எட்டியிருக்க மாட்டார்கள்.

ஆயினும் கமலா சந்தித்தது வெளிப்படையான மறுப்பு. எதிர்த்து வாதாட ஒருவர் எதிரே இருந்தார். இயற்பியலர் அன்னா மாணிக்கு அதுவும் இல்லை. பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் படித்து, உதவித்தொகையுடன் 1940இல் இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒளிப்படத் தகடுகளைப் பதினைந்து, இருபது மணிநேரம் ஒளிபடவிட்டுக் காத்திருக்க வேண்டிய வேலை. பல இரவுகளில் ஆய்வகத்திலேயே உறங்கினார். 1942க்கும் 1945க்கும் இடையே தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது.

விதி விதிதானே என்று கேட்கலாம். 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்கு, வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இராமன் வெளிநாடு செல்ல மறுத்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி முயன்று அந்த நிபந்தனையைத் தளர்த்தச் செய்தார். அது சரியான முடிவு. இந்திய இயற்பியல் அதனால் அடைந்த பயன் பெரிது. அதனாலேயே 1945இன் இறுக்கம் என்னை உறுத்துகிறது. பட்டத்தைவிடப் பணியே பெரிய சான்று என்று 1917இல் ஏற்க முடிந்தது. அன்னா மாணியின் ஐந்து கட்டுரைகள் அந்தச் சான்றாக ஏற்கப்படவில்லை. விதிகள் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதப்படுகின்றன. அவற்றைத் தளர்த்தும் செல்வாக்கு பொதுவாக இருப்பதில்லை.

முனைவர் பட்டம் கிடைக்காததை அன்னா மாணியே பெரிதுபடுத்தவில்லை என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படக்கூடிய வலுவான வாதம். அவர் இலண்டன் சென்று வானிலைக் கருவியியல் கற்று, 1948இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். கருவிகளை நாட்டிலேயே செய்யும் திறனை வளர்த்ததில் அவர் பங்கு முதன்மையானது. ஆனால் இயற்பியல் ஆய்வுக்காகக் கிளம்பியவர் வானிலைக் கருவிகளுக்கு வந்து சேர்ந்ததற்கு, அப்போது கிடைத்த உதவித்தொகை அந்தத் துறைக்கானது என்பதே காரணம். அவருடைய பெருந்தன்மை அவருக்குப் பெருமை சேர்க்கிறது. அது பல்கலைக்கழகத்தின் முடிவை நியாயப்படுத்தாது.

எனவே, எத்தனை பெண்கள் பட்டம் பெற்றனர் என்ற எண்ணிக்கை மட்டும் வாய்ப்பின் அளவாகாது. யாருடைய விண்ணப்பங்கள் எந்த விதியின் பேரில் திருப்பப்பட்டன, அதே விதி யாருக்காக, யார் பரிந்துரையால் தளர்த்தப்பட்டது என்பவற்றையும் நிறுவனங்களின் கோப்புகளிலிருந்து ஆண்டுவாரியாகத் தொகுக்க வேண்டும். சாதி, ஊர், பயிற்றுமொழி ஆகியவற்றால் நேர்ந்த விலக்கங்களையும் இதே முறையில் ஆராய முடியும்.